அப்பாவின் இடுப்பளவு

எத்தனையோ ஆயிரம் முதுகுகளைத் தேய்த்துவிட்டும் ஒரு நாளும் முகம் சுளிக்காத என் அப்பாவுக்கு,

வருகிற ஆவணியோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இங்கே இப்போது ஆடிச் சாரல். இலத்தூரில் நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் மலையே தெரியவில்லை, மேகம் இறங்கிக் கிடக்கிறது. உங்கள் மருமகள் கோமதிக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நான் இன்னமும் காலை பஸ்ஸைப் பிடித்துப் பாவூர்சத்திரம் போய், அதே காய்கறி மண்டியில் லாரியிலிருந்து சரக்கு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அன்பானவர், பண்பானவர் என்று எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். நான் எழுத வேண்டியதில் மூத்திர வாடை அடிக்கும் அப்பா. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதையெல்லாம் எழுதலாமா என்று உங்கள் மருமகளிடம் கேட்டேன். "மூடி மூடி வச்சுத்தான மாமாவ அந்தப் பாடு படுத்தினோம். எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு அருவருப்பு சின்ன வயதிலிருந்தே அதிகம். நீங்கள் நாற்பது சீசன், குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் பாய் விரித்து உட்கார்ந்து, குளிக்க வந்தவர்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டீர்கள். சிரங்கு பிடித்த முதுகு, வியர்வை ஊறிய அக்குள், வெடித்துச் சீழ் கோத்த குதிகால், எல்லாம் உங்கள் கைக்கு ஒன்றுதான். நீங்கள் பிசைந்து ஊட்டிய சோற்றை நான் துப்பியிருக்கிறேன். "எத்தன பேரு அழுக்கு ஒங்க கையில" என்று அழுதேனாம். "ஒடம்புன்னா அழுக்கு இல்லாமயாலே இருக்கும்?" என்று சிரித்துக்கொண்டே தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்களாம். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பங்குனியில் உங்களுக்கு புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. டியூபை எடுத்த பிறகு மூத்திரம் நிற்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும், பேடு வச்சுக்கோங்க" என்று டாக்டர் சொன்னார். என்ன பேடு, எந்த அளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்றுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பேச்சை அதோடு முடித்துவிட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

சித்திரை வெயிலில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, உங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன். அதற்குப் பின்னால் கிழித்த வேட்டித் துணிகள். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, மஞ்சளேறி விறைத்துப் போன துணிகள். ஈ மொய்த்தது. ஒரு குச்சியால் அவற்றை எடுத்து வெளியே போட்டேன். அப்போது நான் சொன்ன வார்த்தை உங்களுக்கு நினைவிருக்கும்.

"சீ! மனுசனா நீங்க?"

நீங்கள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "நானே அலசிப் போட்டிருவேன்லே. பகல்ல கோமதி இருக்கா. அவ பாத்திருவாளேன்னுதான்."

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனேன். நம் ஊர்க் கடைக்குப் போகவில்லை. தென்காசிக்குப் போய், அங்கேயும் தெரிந்த முகம் இல்லாத ஒரு கடையாகத் தேடி, கூட்டம் குறையும்வரை எதிரே நின்றேன். "பெரியவங்க போடுத டயப்பர்" என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. மேல் தட்டிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, அதைக் கறுப்புப் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சுப் போட்டுத் தந்தார். "என்ன சைஸ்?" என்று நான் கேட்டதற்கு, "பெரியவங்களுக்குத்தான? பெருசாவே கொண்டு போங்க, பத்தாமப் போயிரக் கூடாது" என்றார். ஏதோ பிணத்தின் துண்டைக் கொண்டுபோகிற மாதிரி அந்தப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

அது இரண்டு பக்கமும் பட்டை ஒட்டுகிற வகை. மருமகள் கையால் போட்டுக்கொள்ள நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். அதனால் நான்தான் போட வேண்டியதாயிற்று. மூக்கில் தைலம் தடவி, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி வைத்தபடி ஒட்டினேன். உங்கள் வற்றிய இடுப்பில் அது சாக்கு மாதிரித் தொங்கியது.

"ஏலே, இது தொளதொளன்னு இருக்குலே. தொடைப் பக்கம் காத்து போவுது."

"எல்லாருக்கும் இதுதாம்ப்பா."

காற்று போகிற வழியில் மூத்திரமும் வந்தது. உட்கார்ந்து எழுந்தால் தொடை வழியே வழிந்து பாயில் இறங்கியது. அது மட்டுமா? நீங்கள் நடக்கிறவர். முட்டிக்கொண்டு வந்தால் கக்கூசுக்குப் போகத் தெரிந்தவர். ஆனால் அந்தப் பட்டையைப் பிரித்தால் மறுபடி ஒட்டாது. ஒரு தடவை அவசரத்தில் பிய்த்துவிட்டீர்கள் என்று நான் கத்தினேன். "எதுக்குப் பிரிக்கீங்க? அதுலயே போயிருங்க. அதுக்குத்தான போட்டிருக்கு!"

நடமாடுகிற மனுஷனை, இடுப்பில் கட்டியதிலேயே போகச் சொன்னேன் அப்பா. இரண்டு நாள் நீங்கள் அடக்கிப் பார்த்தீர்கள். மூன்றாம் நாள் கட்டிலில் உட்கார்ந்தபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, போனீர்கள். முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அப்போது எனக்குக் குமட்டியது அந்த வாடையால் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததையெல்லாம் எழுதவே கூசுகிறது. ஒன்றைப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம்வரை கழற்ற விடமாட்டேன், இன்னும் தாங்கும், இன்னும் தாங்கும் என்று. கவட்டையில் தோல் சிவந்து, வெந்து, உரிந்தது. அதன்மேல் பவுடரைக் கொட்டினேன். அது ஈரத்தில் களிமண் மாதிரி அப்பிக்கொண்டு இன்னும் அறுத்தது. கழற்றியதைப் பின்னால் குழி தோண்டிப் போட்டேன், நாய் கிளறியது. ஒரு நாள் காலையில் தெரு நடுவே ஒன்றை இழுத்துப் போட்டுக் குதறிக்கொண்டிருந்தது, பஞ்சும் கூழுமாக. எதிர்வீட்டம்மா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். அது நம் வீட்டுடையது இல்லை என்பது போல நானும் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் தண்ணீரில் கை வைத்தேன். "மூணு மணிக்கு மேல தண்ணி, காப்பி கெடையாது" என்று சட்டம் போட்டேன். செம்பை எடுத்து உள்ளே வைத்தேன். நீங்கள் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. பத்து நாளில் காய்ச்சல் வந்தது, மூத்திரம் கலங்கி, அமோனியா மாதிரி கண்ணை எரித்தது. ஊசி போட்டு அது இறங்கியது. அப்போதும் என் புத்தியில் உறைக்கவில்லை.

ஆடியில் சாரல் பிடித்தது. அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு, நீங்கள் நாலு மாதத்தில் முதல்முறையாக ஒன்று கேட்டீர்கள். "ஒரு தடவ பேரருவிக்குக் கூட்டிட்டுப் போலே. தலைய நனைச்சா நல்லாருக்கும்."

நான் சம்மதித்தேன், ஆனால் அது இல்லாமல் வெளியே கிளம்பக் கூடாது என்றேன். வழியில் ஒழுகி நாலு பேர் பார்த்தால்? நீங்கள் கேட்டதுதான் நியாயம். "அருவியில எதுக்குலே அது? அங்கன எல்லாவனும் நனைஞ்சுதான நிக்கான். எவனுக்குத் தெரியப் போவுது?" நான் காதில் வாங்கவில்லை. டயப்பரை ஒட்டி, மேலே கால்சட்டையை மாட்டிக் கூட்டிக்கொண்டு போனேன்.

நீங்கள் உள்ளே போய்த் தலையைக் கொடுத்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடி, வாயைத் திறந்து சிரித்தீர்கள். நான் உங்கள் வேட்டியையும் துண்டையும் பிடித்துக்கொண்டு கம்பி ஓரமாக நின்றேன். கொஞ்ச நேரம்தான். அருவித் தண்ணீர் அத்தனையையும் அந்தச் சனியன் குடித்துவிட்டது. கால்சட்டை உப்பிக்கொண்டே போயிற்று. பட்டை விட்டுப் போய், கால்சட்டையோடு சேர்ந்து கீழே இறங்கியது. நீங்கள் பிடிப்பதற்குள் பாறையில் விழுந்து வெடித்தது. உள்ளே இருந்த கூழ், ஊறிய ஜவ்வரிசி மாதிரி, தண்ணீரில் பரவி அடுத்தவர் கால்களில் ஒட்டியது.

"யோவ், என்னய்யா இது?"

"பெருசு டயப்பர் போட்டுட்டு வந்திருக்குடே! அந்தத் தண்ணிலயா நாம நிக்கோம்? சீ!"

கும்பல் விலகியது. சிலர் காறித் துப்பினார்கள். ஒருவன் போனை எடுத்தான். காவலுக்கு நின்றவர் விசிலை ஊதி, "பெரியவரே, வெளிய வாரும்" என்று கத்தினார். நீங்கள் இரண்டு கைகளாலும் முன்னால் மறைத்துக்கொண்டு, அருவிக்கு அடியில், ஆள் இல்லாத வட்டத்துக்கு நடுவில் நின்றீர்கள். கம்பிப் பக்கம் திரும்பி என்னைத் தேடினீர்கள்.

நான் அங்கே இல்லை. வண்டியைப் பார்த்துவிட்டு வரப் போனேன் என்று பிறகு உங்களிடம் சொன்னேன். பொய். நான் பத்தடி தள்ளி ஒரு பழக்கடைப் படுதாவுக்குப் பின்னால் நின்றேன். உங்கள் வேட்டியைச் சுருட்டி அக்குளில் ஒளித்துக்கொண்டு, யாருடைய அப்பாவோ என்று பார்ப்பவன் போலப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா? இரண்டு வருஷம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்தும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்களிடம் போனது இசக்கி அண்ணாச்சி. எண்ணெய் தேய்க்கிற காலத்தில் உங்களுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவர், இப்போது அருவிப் பாதையில் துண்டும் கால்சட்டையும் விற்கிறார். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, தோளில் இருந்த துண்டை உங்கள் இடுப்பில் சுற்றினார். குனிந்து, சிதறிக் கிடந்ததை வெறுங்கையால் வாரிப் பைக்குள் போட்டார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "என்னடே வேடிக்க? நீங்கள்லாம் பன்னீரா பெய்யுதீக?" என்றார். பிறகு உங்களிடம், "வாரும் சுடல, சூடா டீ குடிப்போம்" என்று ஏதோ நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி கூட்டிக்கொண்டு போனார்.

அந்தக் கும்பலை நினைத்தால் எனக்கு இன்னும் அருவருக்கிறது. அதைவிட அருவருப்பு, நான் ஒளிந்து நின்ற அந்தப் படுதாவை நினைத்தால்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு நர்ஸம்மாவிடம் அனுப்பினார். கண்ணாடி போட்ட, கொஞ்சம் கடுகடுப்பான அம்மா. "ஐயா, ஒங்களுக்கு வாறது தெரியுதா, தெரியாமலே போயிருதா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "நான் ஒங்களக் கேக்கல. அவங்களக் கேட்டேன்" என்றார்.

நாலு மாதத்தில் உங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னீர்கள்: "இருமினா, குனிஞ்சு எந்திரிச்சா, ரெண்டு மூணு சொட்டு. பொழுது சாயச் சாய கொஞ்சம் கூட. மத்தபடி முட்டுனா எனக்குத் தெரியுதும்மா. கக்கூசுக்கு நானே நடந்து போவேன். இவன்தான் போவ விடல."

நர்ஸம்மா என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. சரியான இடத்தில்தான் இருந்தது.

"படுக்கைல கெடக்கவங்களுக்கு உள்ளத நடக்கவருக்கு மாட்டி விட்டிருக்கீங்க. அளவு எடுத்தீங்களா?"

"கடைல குடுத்தாங்க..."

"கடைக்காரர் இவங்க இடுப்பப் பாத்தாரா?"

மேசை டிராயரிலிருந்து தையல் டேப்பை எடுத்து உங்கள் இடுப்பிலும் அதற்குக் கீழே அகலமான இடத்திலும் சுற்றினார். முப்பத்தோரு இஞ்சு. நான் மூன்று மாதமாக மாட்டியது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உள்ளது. வீட்டில் இருக்கும்போது, இறுக்கமான ஜட்டிக்குள் முன்பக்கமாக ஒட்டி வைக்கிற ஆம்பளைப் பேடு போதும் என்றார். பஸ்ஸில் போனால், கல்யாணம் காட்சிக்குப் போனால், ஜட்டி மாதிரியே இழுத்து மாட்டுகிற வகை. படுக்கைக்கு மேலே ஒரு விரிப்பு. நனைந்தால் அப்போதே மாற்று, தண்ணீரால் கழுவு, ஒற்றி உலர்த்து, இந்தக் களிம்பைப் பூசு, பவுடரைக் குப்பையில் போடு. தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் கெட்டியாகி இன்னும் எரிக்கும், இன்னும் நாறும் என்றார். மூத்திரத்தை அடக்குவது போலக் கீழே இறுக்கிப் பிடித்து விடுகிற ஒரு பயிற்சியும் சொல்லித் தந்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா. நானே மாட்டி, நானே கழட்டணும்."

"அதுக்குத்தான இதெல்லாம்" என்று அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார்.

திரும்பும் வழியில் மருந்துக்கடைக்கு நீங்களே இறங்கினீர்கள். அதே கடை. நான் வண்டியிலேயே இருக்கிறேன் என்றேன், நீங்கள் என்னை உள்ளே வரச்சொல்லி வற்புறுத்தவில்லை. ஆனால் உங்கள் குரல் ரோடுவரைக்கும் கேட்டது. "இடுப்பு முப்பத்தொண்ணு. நடந்து போறவனுக்கு உள்ளதாக் குடும். பேப்பரெல்லாம் சுத்தாண்டாம். நான் என்ன சாராயமா வாங்குதேன்?" கடைக்குள் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு வயசாளி, நீங்கள் வெளியே வந்த பிறகு, கடைக்காரரிடம் குனிந்து என்னவோ கேட்டதை நான் பார்த்தேன்.

முதலில் வாங்கியது ஓரத்தில் கசிந்தது. இரண்டாவது நடந்தால் சலசலத்தது. "மிச்சர் பொட்டலம் நடக்க மாதிரில்லா இருக்கு" என்று நீங்கள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து காட்ட, கோமதி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது உங்களுக்குப் பொருந்தியது. கழற்றியதைச் சுருட்டித் தனிப் பையில் போட்டு, குப்பை வண்டிக்கார அம்மாவிடம் இன்னதென்று சொல்லியே கொடுத்தோம். புண் ஆறியது. செம்பு மறுபடி உங்கள் கட்டிலருகே வந்தது.

தை பிறப்பதற்குள் ஒரு நாளைக்கு ஒரு பேடு என்று ஆகிவிட்டது. வடகரையில் உங்கள் தங்கச்சி பேத்தி கல்யாணத்துக்குப் பஸ் ஏறிப் போய், பந்தியில் உட்கார்ந்து, பாயசத்துக்கு மேல் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள். எல்லோருக்கும் அது வெறும் தண்ணீர். எனக்குத்தான் அந்த டம்ளரைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் போன ஆவணி. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, வாய் கோணி, நீங்கள் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தீர்கள். இப்போதுதான் அந்தப் பட்டை வகை உங்களுக்கு உரியதாயிற்று, உங்கள் அளவில். இந்தத் தடவை மூத்திரம் மட்டும் இல்லை. கோமதி உங்களை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள், நான் துடைப்பேன். முதல் நாள் காலையில் பாதியிலேயே பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிவிட்டு வந்து நின்றேன். நீங்கள் கோணிய வாயால், ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னீர்கள்.

"மூக்கப்... பொத்திக்கலே. பரவால்ல."

பாசம் இருந்தால் அருவருப்பு ஓடிவிடும் என்கிறார்கள். எனக்கு ஓடவில்லை. ஒன்பது நாளும் குமட்டியது. ஒன்பது நாளும், துண்டைக் கட்டிக்கொண்டு, நானே செய்தேன். இந்த முறை முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளவில்லை, எங்கே சிவக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். உங்களைக் கொண்டுபோனபோது உங்கள் முதுகில் ஒரு புண் இல்லை. குளிப்பாட்டிய இசக்கி அண்ணாச்சி அதைத்தான் சொன்னார்.

இனி இப்போதைய சேதி. இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

எங்கள் மண்டியில் பரமசிவம் என்று ஒரு சுமைதூக்கி. என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். சித்திரையில் வெங்காய மூட்டையோடு லாரிப் பலகையிலிருந்து விழுந்தான். எழுந்து வேலைக்கு வந்துவிட்டான், ஆனால் இரண்டு மாதத்தில் யாரும் அவன் பக்கத்தில் உட்காராமல் ஆனார்கள். டீக்கடை பெஞ்சில் அவன் வந்தால், "அங்கன தள்ளி நில்லுடே" என்பார்கள். குடித்துவிட்டுக் கிடக்கிறான், குளிப்பதில்லை என்று பேச்சு. அவன் என்னைக் கடந்து போனபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாடையை நான் எங்கேயும் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

முருங்கைக்காய்க் கட்டுகள் அடுக்கிய மூலைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். முதலில் முறைத்தான். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை விலக்கிக் காட்டினான். கவட்டையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, உள்ளே சாக்குத் துண்டைத் திணித்திருந்தான். கீழே வெந்து கிடந்தது. "பொஞ்சாதிக்கும் தெரியாது அண்ணாச்சி. தின்னு துப்புன பாக்கு மாதிரி பாக்கானுவ எல்லாவனும்" என்றான்.

அவனோடு இத்தனை வருஷம் தோளுரசி மூட்டை தூக்கியவர்கள் மூக்கை மூடிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. கூடவே, அந்த பெஞ்சில் நான் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்றும் தோன்றியது.

மறுநாளே அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதுகில் நரம்பு அடிபட்டிருக்கிறது என்று வைத்தியம் ஆரம்பித்திருக்கிறார்கள். நர்ஸம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை அடையாளம் கண்டு, டேப்பை என் கையில் கொடுத்தார். நான்தான் அளந்தேன். மூட்டை தூக்குகிறவனுக்கு நகராமல் இருக்க வேண்டும் என்று இரண்டு வகை பார்த்து, ஒன்றைத் தேர்ந்தோம். இப்போது மூன்று வாரமாக அவன்மேல் வாடை இல்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறான்.

இன்று டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டான்: "இதெல்லாம் ஒங்களுக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? ஒங்க வீட்டுல யாருக்கும் இப்படி...?"

பக்கத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். என் வாய் தானாகச் சொன்னது: "சேச்சே, எங்க வீட்டுல யாருக்கும் இல்லடே. எங்கயோ படிச்சேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப எனக்கு மட்டுந்தானா" என்றான்.

இதுதான் அப்பா நான். ஒன்பது நாள் உங்களைத் துடைத்த கை என்று நெஞ்சுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன். ஒரு கேள்வி கேட்டதும் உங்களை இல்லை என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வீடு வரும்வரை என் வாயை எனக்கே கழுவ வேண்டும் போலிருந்தது. கோமதியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கும் அந்தாளு அங்கதான இருப்பாரு?" என்று மட்டும் கேட்டாள்.

இருப்பான். நாளைக் காலையில் முதல் லாரி இறங்கியதும் டீக்கு வருவான். நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது அவன் இஷ்டம். ஆனால் அந்த நாலைந்து பேரும் இருக்கும்போதே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நேற்று சொன்னது பொய் என்று சொல்வேன். எங்கப்பாவுக்கு மூத்திரம் நிக்காம இருந்துச்சு, தெரியாத்தனமா நான் ரொம்பக் கொடும பண்ணிட்டேன், பெறவுதான் கத்துக்கிட்டேன் என்று சொல்வேன். யாராவது முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். பரமசிவம் கேட்டால் போதும். அவனுக்கு நீங்கள் துணையாக இருக்க வேண்டும் அப்பா, உங்களை இனி நான் ஒளிக்க மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
இலத்தூர் சுடலைமுத்து மகன்,
முருகேசன்